ஸ்பிட்ஃபயர் மார்க் 3: பந்தயத் தடத்துக்காக கியர்பாக்ஸை மாற்றுவது பற்றி ஆலோசனை வேண்டும்

அல்சூர்_ஸ்பிட்ஃபயர் (பெங்களூரு):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1969ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 ஒன்று இருக்கிறது. என் தந்தையின் நண்பர் ஒருவர் நெடுங்காலம் தன் கையில் வைத்திருந்து, பார்வை மங்கி இனி ஓட்ட முடியாது என்றான பிறகு, ஓட்டுகிறவனிடம்தான் கொடுப்பேன் என்று சொல்லி என்னிடம் ஒப்படைத்த வண்டி அது. அதனால் அதைத் துணி போட்டு மூடி வைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ஆண்டுகளாக அதை டிரெய்லரில் ஏற்றி ஸ்ரீபெரும்புதூர் தடத்துக்கு, அதாவது இருங்காட்டுக்கோட்டையில் உள்ள மெட்ராஸ் மோட்டார் பந்தயத் தடத்துக்கு, வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் கொண்டுசென்று ஓட்டி வருகிறேன்.

எஞ்சின் அதே 1296 சிசி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்தான். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டை மட்டும் சற்று வேகமான வகைக்கு மாற்றியிருக்கிறேன். 4000 ஆர்பிஎம்முக்கு (நிமிடச் சுழற்சிக்கு) மேலே நன்றாக இழுக்கிறது, அதற்குக் கீழே சோர்ந்துவிடுகிறது. இரண்டாம் கியரில் 6000ஐத் தொட்டு மூன்றாம் கியருக்குப் போனால் முள் 3900க்கும் கீழே விழுகிறது, நடுத்தர வேக வளைவிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு முறையும் வண்டிக்கு மூச்சு நின்றுபோனது போலிருக்கிறது. கியர் மாற்றும்போது சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோ முதல் கியரில் கிடையாது என்பதால் மிகக் குறுகிய வளைவுகளில் அதைப் பயன்படுத்துவதே இல்லை. இப்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது பற்கள் உரசும் சத்தமும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. கைப்பேசியின் ஜிபிஎஸ் பதிவின்படி நேர்ப்பாதையின் முடிவில் நான் எட்டும் அதிகபட்ச வேகம் 142 கிலோமீட்டர்.

இங்கே ஒரு பட்டறையில் நேர்ப்பல் சக்கரங்களும் டாக் வகை இணைப்பும் கொண்ட முழுப் பந்தய கியர்பாக்ஸ் போட வேண்டும் என்கிறார்கள். இன்னொருவர், இருக்கைகளுக்கு நடுவே கியர்பாக்ஸ் அமர்ந்திருக்கும் நடுச்சுரங்கத்தை வெட்டிவிட்டு ஐந்து கியர் கொண்ட புதுக்கால கியர்பாக்ஸை வைத்துவிடலாம் என்கிறார். இரண்டையும் கேட்டுவிட்டு வந்து வண்டியின் முன்னால் நின்றபோது எதற்கும் கை எழவில்லை. இந்த வண்டியை அறிந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். ஆவண வகையில் ஏதேனும் சிக்கல் வருமா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பீன்யா_பல்சக்கரம் (பெங்களூரு):

நண்பரே, நான் இருபத்தாறு ஆண்டுகளாகப் பீன்யா தொழிற்பேட்டையில் பல்சக்கரம் வெட்டும் தொழிலில் இருக்கிறேன். உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு யோசனைகளும் உங்கள் நோய்க்கான மருந்து அல்ல என்று கருதுகிறேன். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: வண்டிக்குப் பலம் போதவில்லை என்று நீங்கள் சொல்லவில்லை, கியர்களுக்கு இடையே இடைவெளி அதிகம் என்றுதான் சொல்கிறீர்கள்.

உங்கள் கியர்பாக்ஸின் விகிதங்கள், அதாவது வெளியே போகும் தண்டு ஒருமுறை சுற்ற எஞ்சின் சுற்ற வேண்டிய எண்ணிக்கை, முதல் கியரிலிருந்து வரிசையாக 3.75, 2.16, 1.39, 1.00. இரண்டாம் கியரில் 6000 ஆர்பிஎம்மில் மாற்றினால் மூன்றாம் கியரில் சுழற்சி ஏறத்தாழ 3860க்கு வரும், மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றினால் 4320க்கு வரும், ஒன்றிலிருந்து இரண்டுக்கோ 3460 வரை விழுந்துவிடும். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் மார்க் 3 எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 4000 ஆர்பிஎம்மில் கிடைத்தது, உச்சக் குதிரைத்திறனான 75 கிடைத்தது 6000இல். வேகமான கேம்ஷாஃப்ட் போட்டதும் முறுக்குவிசை மேலே நகர்ந்துவிட்டது, கியர்பாக்ஸ் மட்டும் பழைய எஞ்சினுக்கு ஏற்றபடியே நின்றுவிட்டது. மூச்சு நின்றது போல என்று நீங்கள் எழுதியது இதைத்தான்.

இந்த நோய்க்கு மருந்தை ட்ரையம்ஃப் நிறுவனமே செய்து வைத்திருக்கிறது. ஸ்பிட்ஃபயரின் ஆறு சிலிண்டர் உடன்பிறப்பான ஜிடி6 வண்டியில் இதே குடும்பத்து கியர்பாக்ஸ்தான் இருந்தது, ஆனால் விகிதங்கள் 2.65, 1.78, 1.25, 1.00 என்று நெருக்கமானவை, நான்கு கியருக்கும் சிங்க்ரோ உண்டு. அந்தச் சக்கரங்களோடு அதே 6000இல் மாற்றினால் இரண்டாம் கியரில் 4030, மூன்றில் 4210, நான்கில் 4800 என்று முள் நிற்கும். உங்கள் எஞ்சின் உயிரோடு இருக்கும் பகுதியை விட்டு அது ஒருபோதும் இறங்காது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: எஞ்சினிலிருந்து சுழற்சியை வாங்கும் உள்ளீட்டுத் தண்டும், அதற்கு இணையாக உள்ள துணைத் தண்டான லேஷாஃப்டின் சக்கரத் தொகுதியும் ஒரே ஜோடியாக வர வேண்டும். ஒவ்வொரு கியரின் விகிதமும் அந்த நிலையான ஜோடியின் விகிதத்தோடு பெருக்கிக் கிடைப்பது என்பதால், பாதிச் சக்கரங்களை இங்கிருந்தும் பாதியை அங்கிருந்தும் எடுத்துக் கோத்தால் கணக்கும் கெடும், பற்களும் பொருந்தாது. ஆறு சிலிண்டர் வண்டியின் உள்ளீட்டுத் தண்டு உங்கள் கிளட்ச் தட்டின் உட்பற்களோடு பொருந்துகிறதா, நீளம் சரிதானா என்பதை வாங்குவதற்கு முன்பே அளந்து பார்த்துவிடுங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. முதல் கியரின் விகித எண் குறைந்து அது நீளமாகிவிடுவதால் நின்ற நிலையிலிருந்து கிளம்புவது கடினமாகும். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொடுக்கும் உங்கள் டிஃபரன்ஷியலின் விகிதம் 4.11. அதை முதல் கியரோடு பெருக்கினால் இன்று 15.4 வருகிறது, புதிய சக்கரங்களோடு 10.9தான் வரும், அந்த வேறுபாட்டைக் கிளட்ச்தான் தாங்க வேண்டியிருக்கும். இங்கேதான் உங்கள் 142 கிலோமீட்டர் என்ற அளவு உதவுகிறது. டயரின் உருளும் சுற்றளவை 1.78 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 4.11 டிஃபரன்ஷியலில் நான்காம் கியரில் 6000 ஆர்பிஎம்முக்கு வேகம் 156 கிலோமீட்டர், அதாவது நீங்கள் அந்தத் தடத்தில் எட்டவே எட்டாத வேகம். 4.55 விகிதம் கொண்ட டிஃபரன்ஷியல் போட்டால் நான்காம் கியரில் 141, மூன்றில் 113, இரண்டில் 79, ஒன்றில் 53 என்று ஆகும். மூன்றாம் கியரின் உச்ச வேகம் இன்று இருப்பதைப் போலவே இருக்க, அதற்குக் கீழே உள்ள பள்ளம் மட்டும் நிரம்பிவிடுவதைக் கவனியுங்கள். நேர்ப்பாதையின் முடிவில் முள் 6000ஐச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ட்ரையம்ஃபின் ஆரம்பகால 948 சிசி ஹெரால்டு சலூன் காரில் இருந்த 4.875 விகிதத்தைப் போடலாம் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். அதில் 6000க்கு 131 கிலோமீட்டர்தான் வரும், நேர்ப்பாதையின் கடைசிப் பகுதி முழுவதும் எஞ்சின் கதறிக்கொண்டிருக்கும்.

ஐந்து கியர் யோசனைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். இங்கிலாந்தில் பழைய வண்டிகளுக்குப் பலரும் போடும் ஃபோர்டு டைப் 9 கியர்பாக்ஸின் விகிதங்கள் 3.65, 1.97, 1.37, 1.00, 0.82. ஐந்தாவது கியர் நெடுஞ்சாலையில் எஞ்சினை நிதானமாக ஓடவைப்பதற்கானது. முதல் நான்கும் கிட்டத்தட்ட உங்களிடம் இருக்கும் இடைவெளிகள்தாம். சென்னைக்கு வண்டியை ஓட்டியே போவதாக இருந்தால் அது நல்ல யோசனை. தடத்துக்கு அதனால் பயன் மிகக் குறைவு, அதற்காக ஐம்பது ஆண்டு கடந்த வண்டியின் தகட்டை வெட்டுவது எனக்கு ஏற்புடையதல்ல.

நேர்ப்பல் சக்கரம் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை விற்பதே என் தொழில். சாய்பல் சக்கரங்கள் படிப்படியாகத் தொட்டுக்கொள்வதால் சத்தம் குறைவு, ஆனால் சுமை ஏறும்போது தண்டை அச்சுத் திசையில் தள்ளும். அந்தத் தள்ளுதலைப் பேரிங்குகளும் வளையங்களும் வெளிக்கூடான கேஸும் தாங்க வேண்டும். நேர்ப்பல்லில் அந்தத் தள்ளுதல் இல்லை, ஆகவே எஞ்சின் சக்தி இரண்டு மூன்று மடங்காகும்போது கேஸைக் காப்பாற்ற அதுதான் வழி. உங்களுக்கு இருப்பதோ 75, கேம்ஷாஃப்டைச் சேர்த்தாலும் 90க்குள். டாக் வகையில் சிங்க்ரோ வளையத்துக்குப் பதிலாகப் பெரிய முகப்புப் பற்கள் இருக்கும். தயக்கமில்லாமல் அடித்து மாற்றினால் மிக வேகம், ஆனால் அரைமனதாக மாற்றினால் அந்தப் பற்களின் முனை உருண்டுபோகும். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒருமுறை திறந்து பார்க்கும் வசதி உள்ளவர்களுக்கு அது சரி. அந்த வேலையை நீங்கள் என்னிடமே கொண்டுவந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சோழவரம்_நினைவு (பெங்களூரு):

தம்பி, பீன்யாக்காரர் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டார், அதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்ற மாட்டேன். எழுபதுகளில் இங்கிருந்து நண்பர்களோடு சோழவரத்துக்குப் போய், அந்தப் பழைய விமான ஓடுதளத்தில் கார்கள் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பிறகு பல ஆண்டுகள், ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவமான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தேன், அதன் கியர்பாக்ஸைக் குறைந்தது ஐந்து முறை என் கையால் இறக்கியிருக்கிறேன்.

ஸ்பிட்ஃபயர் பிறந்ததே ஹெரால்டின் சட்டகத்திலிருந்துதான். அந்த ஹெரால்டு 1961 முதல் சென்னைக்கு அருகே பெருங்களத்தூரில் தயாரானது என்பதால், வெளிநாட்டுப் பழைய வண்டி வைத்திருக்கும் வேறு யாருக்கும் இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. உங்கள் வண்டியோடு வந்த கியர்பாக்ஸைத் தொடாதீர்கள். அதைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, வாயை அடைத்து, எண் எழுதி ஓரமாக வையுங்கள். பழைய வாகன உதிரிகள் கிடைக்கும் சென்னைப் புதுப்பேட்டையிலோ, இங்கே ஜே.சி. சாலையிலோ சிவாஜிநகர் குஜரியிலோ சொல்லிவைத்தால் ஹெரால்டு கியர்பாக்ஸ் ஒன்று வந்து சேரும், அதன் கேஸையும் உதிரிகளையும் அடிப்படையாக வைத்து இரண்டாவது கியர்பாக்ஸைக் கட்டுங்கள். ஹெரால்டுக்குப் பின் வந்த ஸ்டாண்டர்டு கெசல் காரைக் காட்டி டிஃபரன்ஷியல் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்க வேண்டாம், அதன் பின் அச்சு வேறு வகையைச் சேர்ந்தது.

இறக்கும் வேலையைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். இந்த வண்டியில் கியர்பாக்ஸ் கீழ்வழியாக வராது, இருக்கைகளைக் கழற்றி, நடுச்சுரங்க மூடியை எடுத்துவிட்டு, உள்ளேயிருந்தே தூக்க வேண்டும். இருவர் இருந்தால் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். அதனால்தான் இரண்டு கியர்பாக்ஸ் வைத்துக்கொண்டு தடத்துக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்வது உங்கள் வண்டியில் நடைமுறைக்கு ஒத்துவரும் காரியம்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் வேறு. உங்கள் மார்க் 3இல் பின்சக்கரங்கள் ஊசல் அச்சு முறையில் தொங்குகின்றன, அதாவது ஒவ்வொரு சக்கரமும் தன் பாதி அச்சோடு சேர்ந்து ஊசல் போல மேலும் கீழும் ஆடும். 1970இல் வந்த மார்க் 4இல்தான் அதைத் தாங்கும் பட்டை வில்லைத் (ஸ்பிரிங்கை) திருத்தினார்கள். வளைவுக்குள் இருக்கும்போது பின்புறம் லேசாகி மேலெழுந்தால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடிந்துகொள்ளும், அதன்பின் வண்டி யார் சொல்வதையும் கேட்காது. வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதும், சுழற்சியை ஒப்பிடாமல் கியரை இறக்கிக் கிளட்சை விடுவதும் அதைத்தான் செய்யும். இன்று முதல் கியரை நீங்கள் தொடுவதே இல்லை என்பதால் இந்த ஆபத்தை இதுவரை பார்க்காமல் இருந்திருக்கலாம். நாளை நான்கு கியருக்கும் சிங்க்ரோ வந்து, முதல் கியர் 53 வரை பயன்படும் என்றானதும், குறுகிய வளைவில் கை தானாக அங்கே போகும். சிங்க்ரோ பற்களை மட்டும்தான் காப்பாற்றும், எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள வேக வேறுபாட்டைக் கிளட்ச் விடும் கணத்தில் பின்டயர்கள்தாம் வாங்கிக்கொள்ளும். ஆகவே பிரேக்கை மிதித்தபடியே பாதத்தின் ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரைத் தட்டிச் சுழற்சியை உயர்த்தும் பழக்கத்தை, பழைய கியர்பாக்ஸ் இருக்கும்போதே, நேர்க்கோட்டில், ஈரமில்லாத நாளில் பழகிக்கொள்ளுங்கள். இரண்டாம் கியரில் இப்போது கேட்கும் உரசல் சத்தத்திலும் பாதி அதனால் குறையும் என்று நம்புகிறேன்.

விண்டேஜ்_கோப்பு (டெல்லி):

ஆவணம் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கியர் விகிதம் அந்தச் சான்றில் இடம்பெறுவதில்லை. 2021இல் வந்த விதித் திருத்தத்தின்படி ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளை விஏ என்ற எழுத்துகள் கொண்ட எண்ணில் விண்டேஜாகப் பதிவு செய்யலாம். அதற்கு வண்டி மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும், சட்டகம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. நடுச்சுரங்கத்தை வெட்டுவது இந்த இடத்தில்தான் உங்களுக்கு எதிராகத் திரும்பும். மூல கியர்பாக்ஸைப் பத்திரமாக வைத்திருந்து, போல்ட் போட்டுக் கழற்றக்கூடிய மாற்றங்களை மட்டும் செய்தால் இந்த வழி உங்களுக்கு எப்போதும் திறந்திருக்கும். மாற்றத்துக்கு முன்பும் பின்பும் நிழற்படங்கள் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். போட்டியில் கலந்துகொள்வதாக இருந்தால் இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு வழங்கும் உரிமமும் தொழில்நுட்பச் சோதனையும் தனி. எந்தப் பிரிவில் ஓட்டப்போகிறீர்களோ அதன் விதிகளில் கியர் விகிதத்தை மாற்ற அனுமதி உண்டா என்பதைச் சக்கரம் வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

அல்சூர்_ஸ்பிட்ஃபயர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டாவது கியர்பாக்ஸ் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஜிடி6 சக்கரத் தொகுதியை இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதா, ஒரு மாதிரியை வாங்கிப் பீன்யாவிலேயே வெட்டிக்கொள்வதா என்பதில்தான் குழப்பம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு ஒரு பட்டறையில் கியர் எண்ணெய் மாற்றினேன், ஜிஎல் 5 என்று டப்பாவில் எழுதியிருந்தது. உரசல் சத்தம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது.

பீன்யா_பல்சக்கரம்:

முதலில் எண்ணெய். இன்றே வடித்துவிடுங்கள். ஜிஎல் 5 எண்ணெயில் டிஃபரன்ஷியலில் கடுமையாக உரசும் ஹைப்பாய்டு வகைப் பற்களுக்காகக் கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட சேர்மானங்கள் கூடுதலாக இருக்கும், பல வகைகளில் அவை பித்தளை, வெண்கலம் போன்ற மஞ்சள் உலோகங்களை நாளடைவில் அரிக்கும். உங்கள் சிங்க்ரோ வளையங்கள் அந்த உலோகம்தான். அதோடு, சிங்க்ரோ வளையம் கூம்பைப் பிடித்து உரசித்தான் சக்கரத்தின் வேகத்தைச் சமன்செய்கிறது. எண்ணெய் அளவுக்கு மீறி வழுக்கினால் அந்தப் பிடி கிடைக்காமல் பற்கள் மோதிக்கொள்ளும். ஜிஎல் 4 தரத்தில் 80டபிள்யூ 90 கேட்டு வாங்குங்கள், கடையில் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்காமல் டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள். இந்த கியர்பாக்ஸ் கொள்வதே 0.85 லிட்டர்தான், அவ்வளவு குறைந்த எண்ணெய் தடத்தில் விரைவில் சூடேறிக் கெடும் என்பதால் இரண்டு தட நாளுக்கு ஒருமுறை மாற்றுவதை நான் வீண்செலவாகக் கருத மாட்டேன். வடித்ததைச் சுத்தமான வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்துப் பாருங்கள். பொன்னிறத் துகள் சிங்க்ரோவிலிருந்து வருவது, அது கொஞ்சம் இருந்தால் கவலையில்லை. ஊசி போன்ற இரும்புத் துண்டு இருந்தால் வண்டியை அன்றோடு நிறுத்துங்கள்.

சக்கரங்களை வாங்கவே சொல்கிறேன். இந்த ஊரில் வெட்ட முடியாது என்பதல்ல அதற்குக் காரணம். 1953இல் எச்எம்டி இயந்திரக் கருவித் தொழிற்சாலை இங்கே தொடங்கிய நாளிலிருந்து பல்சக்கரத்தைக் கண்ணால் பார்த்தே எடைபோடும் மனிதர்கள் இந்த ஊரில் உருவாகியிருக்கிறார்கள், அவர்களிடம்தான் நானும் கற்றேன். ஆனால் தேய்ந்த மாதிரியைப் பார்த்து ஒரே ஒரு செட் வெட்டுவது வேறு விஷயம். சாய்வுக் கோணம், பல்லின் வடிவத் திருத்தம், மைய தூரம் எல்லாவற்றையும் தேய்மானத்தைக் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும். 20எம்என்சிஆர்5 போன்ற உருக்கில் வெட்டி, கார்பன் ஏற்றிக் கடினமாக்கும்போது சக்கரம் சற்றே நெளியும், அதைப் பிறகு அரைத்துச் சரிசெய்ய வேண்டும். நான்கு பேர் சேர்ந்து நான்கு செட் கேட்டால் அந்த உழைப்புக்கு அர்த்தமுண்டு. ஒன்றுக்காக என்றால் வாங்குவதே மலிவு, நம்பகமும் கூட.

உங்கள் உழைப்பையும் பணத்தையும் வேறு இடத்தில் போடுங்கள். இந்தக் குடும்பத்து கியர்பாக்ஸ் சாவது பெரும்பாலும் பல் முறிந்து அல்ல, ஊசிப் பேரிங் தேய்ந்து. வெளியீட்டுத் தண்டான மெயின்ஷாஃப்டின் முனை உள்ளீட்டுத் தண்டுக்குள் சுழலும் இடமும், லேஷாஃப்ட் சக்கரத் தொகுதியின் இரு முனைகளும் அதற்குப் பேர்போனவை. நேர் கியரான நான்கைத் தவிர மற்ற மூன்றிலும் சுமை முழுவதும் லேஷாஃப்ட் வழியாகவே போகிறது, நீங்கள் தடத்தில் அதிகம் இருக்கப்போவதும் இரண்டிலும் மூன்றிலும்தான். பழைய லேஷாஃப்ட் தண்டை நகத்தால் தடவிப் பாருங்கள். ஊசிகள் ஓடிய இடத்தில் சிறு குழி தட்டுப்பட்டாலும் அதை மறுபடி போடக் கூடாது. புதுத் தண்டு, புது ஊசிகள், தொகுதியின் அச்சு ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் புது வளையங்கள் ஆகிய மூன்றும் கட்டாயம். அந்தத் தண்டை மட்டும் நான் செய்து கொடுக்கிறேன், அது நல்ல உருக்கும் துல்லியமான அரைப்பும் இருந்தால் போதுமான எளிய உருளை. ஹெரால்டு கேஸ் கிடைத்ததும் எண்ணெய் போகக் கழுவி, லேஷாஃப்ட் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கின்றனவா என்று அளக்கக் கொண்டுவாருங்கள். துளை கெட்டிருந்தால் அந்தக் கேஸை விட்டுவிட்டு வேறொன்று தேடுவதுதான் சரி, வேலை நாட்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்தால் அவசரமில்லாமல் சேர்ந்தே பார்த்துவிடலாம்.